உண்டியல் குலுக்க யாரும் வரவில்லை

ஞாயிற்றுக்கிழமை திருப்பூர்ப் பயிற்சிக் கூட்டத்தில் நடந்தது இங்கே பலருக்குத் தெரியும். நேரில் இருந்தவர்களும் இந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள். இங்க்ஸ்கேப் என்ற இலவச டிசைன் மென்பொருளில் பனியன் பிரிண்டிங்குக்கு நிறம் பிரிப்பதைக் காலையிலிருந்து நின்றுகொண்டே சொல்லிக்கொடுத்த பெண், கடைசியில் கேட்டது இவ்வளவுதான்: "இதை வைத்துத் தொழில் செய்கிறவர்கள் முடிந்ததை இங்க்ஸ்கேப் திட்டத்துக்குக் கொடுங்கள்." முன்வரிசை முதலாளி ஒருவர், "ஏன் அம்மிணி, உண்டியல் குலுக்கத்தான் வந்தீர்களா?" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் எனக்கு ஆறவில்லை.

அவர் கேட்டது பிச்சை அல்ல. இங்க்ஸ்கேப் 2003-இல் தொடங்கியது. 1.0 பதிப்பு வந்தது 2020-இல். இடையில் போன அத்தனை வருடங்களும் பெரும்பாலும் தன்னார்வலர்களின் இரவுகள், விடுமுறை நாட்கள். அந்த உழைப்பில் உருவான கருவியில் டிசைன் போட்டு, பீஸுக்கு இவ்வளவு என்று பில் போடுகிறோம். காளிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் பிறந்தவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை: தண்ணீர் பாய்ச்சுகிறவன்தான் தூர் வாரவும் வர வேண்டும்.

எங்கள் லேபிள் பட்டறையில் நடந்ததைச் சொல்கிறேன். 'கொங்கு' என்று தொடங்கும் பெயருள்ள ஒரு மசாலா கம்பெனிக்கு லேபிள். காசு கொடுத்து வாங்கிய மென்பொருளில் ஒற்றைக்கொம்பு ஓர் இடத்திலும் க வேறு இடத்திலும் கால் இன்னோர் இடத்திலும் போய் விழுந்தன. விற்றவரிடம் கேட்டால், அடுத்த பதிப்பில் சரியாகும் என்றார். அதே வரியை இங்க்ஸ்கேப்பில் ஒட்டினேன், எழுத்து ஒழுங்காக உட்கார்ந்தது. கொம்பை எழுத்துக்கு முன்னால் கொண்டுவந்து வைக்கிற அந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற கட்டற்ற நிரல், அதாவது யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய நிரல். ஆண்ட்ராய்டு கைபேசியில் இந்தப் பதிவைப் படிக்கிறீர்கள் என்றால் உங்களுக்கும் அதுதான் செய்கிறது. முன்வரிசை முதலாளியின் கைபேசியிலும்தான்.

"பெரிய கம்பெனிகள் கொடுக்கின்றனவே" என்பார்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குக் கொடுக்கின்றன, மறுக்கவில்லை. அதில் பெரும்பங்கு எழுதுகிறவர்கள் சம்பளக்காரர்கள். ஆனால் ஓப்பன்எஸ்எஸ்எல்? உலகத்தின் பாதி இணையதளங்களுக்குப் பூட்டுப் போட்ட அந்தத் திட்டத்துக்கு, 2014-இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவரும்வரை, வருடத்துக்குச் சுமார் 2,000 டாலர்தான் நன்கொடை வந்துகொண்டிருந்தது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற கட்டற்ற நிரலின் கதை இன்னும் கொடுமை. ஏறக்குறைய தனி ஆளாகப் பராமரித்தவரை, ஏன் இவ்வளவு தாமதம், வேறு ஆளிடம் கொடு என்று நச்சரித்தார்கள். உதவ வந்தவன்போல் நுழைந்த ஒருவன் பொறுப்பை வாங்கிக்கொண்டு, பிறர் கணினிக்குள் திருட்டுத்தனமாக நுழைய நிரலில் புறவாசல் வைத்தான். கணினிக்குள் உள்நுழைய அரை நொடி கூடுதலாகிறதே என்று ஒரு பொறியாளர் துருவிப் பார்த்ததால் 2024 மார்ச்சில் அது பிடிபட்டது. ஒரு மனிதரை நாம் தனியாக விட்டால் நடப்பது இதுதான்.

"அப்படியென்றால் விலை வைக்க வேண்டியதுதானே?" விலை வைத்திருந்தால் ஈரோட்டில் கடன் வாங்கி ஒரே ஒரு கம்ப்யூட்டரோடு பட்டறை தொடங்கிய பையன் எங்கே போவான்? வாங்க முடியாதவனுக்கும் கிடைக்கட்டும் என்றுதான் திறந்து வைத்திருக்கிறார்கள். வாங்க முடிந்தவர் அந்தப் பையனின் பின்னால் ஒளிந்துகொள்வதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஜாப் ஒர்க் செய்கிறவனிடம் ஏது காசு?" காசு இல்லாவிட்டால் மென்பொருளில் பார்த்த பிழையை அதைச் செய்தவர்களுக்கு ஒழுங்காக எழுதி அனுப்புங்கள். எந்தப் பதிப்பு, என்ன செய்தபோது நின்றது, திரையில் என்ன வந்தது என்று எழுதினால் போதும். பக்கத்துப் பட்டறைக்காரருக்குச் சொல்லிக்கொடுங்கள். அதுவும் கொடைதான். அந்தப் பெண் கோபியிலிருந்து பஸ் ஏறி வந்து செய்தது அதைத்தானே? அவருக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. டிக்கெட் காசுகூடக் கொடுக்கவில்லை.

கோயில் கும்பாபிஷேகத்துக்கு அள்ளிக் கொடுக்கிற ஊர் இது. நானும் கொடுத்திருக்கிறேன், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே ரசீதுப் புத்தகத்தோடு வருகிறவரை உட்காரச் சொல்லி மோர் கொடுக்கிறோம். நாள் முழுக்கத் தொழில் கற்றுக்கொடுத்த பெண்ணைப் பார்த்து ஏன் சிரித்தோம்? அவர் மைக்கை வைத்துவிட்டு வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது ஒருவர்கூடப் பக்கத்தில் போகவில்லை.

அந்த முதலாளி என் வாடிக்கையாளர். இந்தப் பதிவால் அவருடைய ஆர்டர் போகும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். போகட்டும். அவர் அந்தப் பெண்ணிடம் நேரில் வருத்தம் தெரிவிக்க வேண்டும். அதற்கு முன்பு அவரை மறுபடியும் முன்வரிசையில் உட்காரவைத்தால், ஏற்பாட்டாளர்கள் அடுத்த கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட வேண்டாம்.