5 முதல் 40,000 ஹேர்ட்ஸ் என்று போட்டால் நியூட்ரல் ஆகிவிடாது

தம்பி, பெட்டியில் 5 முதல் 40,000 ஹேர்ட்ஸ் என்று போட்ட குளோஸ்ட் பேக் (பின்பக்கம் மூடிய) ஹெட்போன்தான் நியூட்ரல், அதாவது எந்த ஒலியையும் கூட்டாமல் குறைக்காமல் தரும், மற்றதெல்லாம் காசுக்கு நட்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பிழை. மனிதக் காதுக்குக் கேட்பதே ஏறக்குறைய 20 முதல் 20,000 வரைதான், வயது போகப் போக மேல்பக்கம் இன்னும் குறையும். அதைவிட, எத்தனை டெசிபெல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று சொல்லாமல் போடும் எண்ணுக்குப் பெறுமதியே இல்லை. 100 ஹேர்ட்ஸ் பக்கம் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, பொங்கி வழிந்து, 3,000 பக்கம் பாடகரின் குரல் பள்ளத்தில் கிடந்தாலும் அதே எண்ணை அச்சடிக்கலாம். பார்க்க வேண்டியது எந்த ஹேர்ட்ஸில் எவ்வளவு சத்தம் வருகிறது என்று அளந்து போட்ட வளைகோட்டை.

ஏகேஜி கே371 ஹெட்போனில் நீங்கள் சொன்ன எண் இருப்பது உண்மைதான், ஆனால் அது நடுநிலையாக ஒலிப்பதற்குக் காரணம் கேட்பவர்களுக்கு எது பிடிக்கிறது என்று ஹார்மன் நிறுவனம் செய்த ஆய்வில் வந்த இலக்கு வளைகோட்டை ஒட்டி அதை டியூன் செய்தது. சோனி எம்டிஆர்-7506 இல் 10 முதல் 20,000 தான், 1991 இல் வந்தது, மேல்சுரம் கொஞ்சம் கூர்மை, ஆனாலும் ஸ்டூடியோக்காரர்கள் இன்னும் விடவில்லை.

சரி, கண்ணாடி போடுகிறவரா நீங்கள்? கண்ணாடிக் காம்பு இடையில் வந்து பேட், அதாவது காது மெத்தை, காதைச் சுற்றிச் சரியாக மூடாவிட்டால் பேஸ் கசிந்து போய்விடும், எந்த வளைகோடும் உதவாது. அப்புறம், கச்சான் என்ற வெப்பக்காற்று அடிக்கிற மாதங்களில் மட்டக்களப்பில் இதைப் போட்டால் காது வேகும், வியர்வையில் பேட் தோல் உரியும், அதனால் அதே மொடலுக்கு மாற்றுப் பேட் கிடைக்குமா என்று கேட்டே வாங்குங்கள். வேறு தடிப்பில் போட்டால் ஒலியும் மாறிவிடும்.