நடராஜன் நேராக ஐபிஎல்லுக்குப் போகவில்லை
“டென்னிஸ் பாலில் யார்க்கர் (பேட்ஸ்மேன் காலடியில் விழும் பந்து) போட்டார், ஐபிஎல் கூப்பிட்டது, இந்திய அணிக்கும் போய்விட்டார், மாவட்ட லீக் எல்லாம் வீண்” என்று வேகப்பந்து வீச்சாளர் நடராஜனைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. நம் தர்மபுரிக்குப் பக்கத்திலிருக்கும் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியிலிருந்து சென்னைக்குப் போய், அங்கே கிளப் அணிகள் மோதும் டிவிஷன் லீக் ஆடித்தான் 2015 ஜனவரியில் மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பைக்கு வந்தார். அப்புறம் பந்து வீசும் முறையில் சந்தேகம் எழுந்தது. அதைத் திருத்திக்கொண்டு திரும்பியதுதான் அவருடைய பெரிய உழைப்பு. 2016இல் டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்), 2017இல்தான் ஐபிஎல் ஏலம். 2020 ஆஸ்திரேலியப் பயணத்துக்குக்கூட முதலில் வலைப்பயிற்சியில் பந்து வீசத்தான் எடுத்தார்கள். சுழற்பந்து வீச்சாளர் வருண் சக்கரவர்த்திக்குக் காயம் என்றதும் டி20 அணியில் சேர்த்தார்கள்.

தேர்வுக்குழு பார்ப்பது ஸ்டிட்ச் பால் (தையல் போட்ட தோல் பந்து) ஆட்டத்தை. தம்பிகளே, மாவட்ட அணித் தேர்வு நாளைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். 16, 19 வயதுக்குட்பட்டோர் பிரிவுகளில் வயது தாண்டினால் அந்த வழி திரும்பக் கிடைக்காது.