கல் உப்பு கோரையைக் கொல்லாது, மண்ணைத்தான் கெடுக்கும்

"கல் உப்பு, கோமியம், எலுமிச்சைச் சாறு கலந்து தெளித்தால் கோரைக் களை அடியோடு அழியும்; இயற்கை முறை, மண்ணுக்குக் கேடில்லை" என்றொரு காணொளி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

தெளித்த ஓரிரு நாளில் கோரையின் தாள் (மேலே தெரியும் இலை) கருகும், உண்மைதான். காணொளியும் அங்கேயே முடிந்துவிடுகிறது! ஆனால் கோரையின் உயிர் தாளில் இல்லை. ஒரு செடியை மெல்லத் தோண்டிப் பாருங்கள்: கறுத்த கிழங்குகள் மணி கோத்ததுபோல ஒன்றையொன்று பற்றிக் கிடக்கும். மேலே கருகினால் கீழிருந்து புதுத் தளிர் வரும்.

உப்போ வயலிலேயே தங்கும். திரும்பத் திரும்பத் தெளித்தால் சோடியம் சேர்ந்து களிமண்ணின் கட்டுக் குலையும். நனைந்தால் சேறு, காய்ந்தால் பாறை. வெங்காயம், பீன்ஸ் போன்றவை உவர்ப்பைக் கொஞ்சமும் தாங்காது.

கோடை உழவில் கிழங்குகளைப் புரட்டிப்போட்டு வெயிலில் காயவிடுங்கள். பிறகு தக்கைப்பூண்டை (பசுந்தாள் உரச் செடி) நெருக்கி விதையுங்கள். கோரைக்கு நிழல் ஆகாது. ஒரே பருவத்தில் ஒழியும் என்று நானும் சொல்லமாட்டேன். ஈர மண்ணில் மட்டும் ரோட்டவேட்டர் (சுழல் கலப்பை) ஓட்டாதீர்கள்: கிழங்குச் சங்கிலி அறுந்து கிழங்குகள் தனித்தனிச் செடியாகிவிடும்.