முதியவர்களின் முடிவுகள் யார் கையில்?

முதுமைக்கால நலம் என்றதும் சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டுவலி என்று பேசத் தொடங்கும் நாம், மனநலத்துக்கு வரும்போது “அடிக்கடி போய்ப் பாருங்கள்” என்ற அறிவுரையோடு நிறுத்திக்கொள்கிறோம். பேச்சுத்துணை தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர்களுடைய அன்றாட முடிவுகளை யார் எடுக்கிறார்கள் என்ற கேள்வியையும் அதே அக்கறையோடு கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற உளவியலாளர்கள் அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நடத்திய ஆய்வு 1976இல் வெளியானது. ஒரு தளத்தில் இருந்தவர்களிடம், அறையை எப்படி வைத்துக்கொள்வது, எந்த நாள் திரைப்படம் பார்ப்பது என்பதையெல்லாம் அவர்களே தீர்மானிக்கலாம் என்று சொல்லி, பிடித்த செடி ஒன்றைத் தேர்ந்தெடுத்து வளர்க்கவும் கொடுத்தார்கள். இன்னொரு தளத்தினருக்கும் செடி கிடைத்தது. ஆனால் அதற்குத் தண்ணீர் ஊற்றியவர்கள் செவிலியர்கள். மூன்று வாரங்களில் முதல் தளத்தினரிடம் உற்சாகமும் சுறுசுறுப்பும் கூடியிருந்தன. அவர்களுடைய ஆயுளும் நீண்டதாகப் பலர் எழுதுகிறார்கள். சிறிய ஆய்வு அது; இறப்புக் கணக்கிலும் பின்னர் திருத்தம் வந்தது. எனவே நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது, அதே 1976இல் வெளியான ரிச்சர்டு ஷுல்ஸின் ஆய்வுதான். மாணவர்கள் முதியவர்களைச் சந்திக்கச் சென்றார்கள். எப்போது வரலாம், எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதைச் சில முதியவர்களே முடிவு செய்தார்கள். சிலருக்கு வருகை முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டது. இவ்விரு குழுவினரின் நலமும் மேம்பட்டது. சொல்லாமல் கொள்ளாமல் வந்து போன சந்திப்புகளால் அந்தப் பலன் இல்லை. ஆனால் ஆய்வு முடிந்து மாணவர்கள் வருவது நின்ற பிறகு, மேம்பட்டிருந்த குழுவினரே அதிகம் சரிந்தார்கள் என்று 1978இல் வெளியான தொடராய்வு காட்டியது. நல்லெண்ணத்தோடு தொடங்கி, நிதி தீர்ந்ததும் கைவிடப்படும் முதியோர் நலத் திட்டங்களை நடத்துபவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

உளவியலாளர் கரோல் ரிஃப் 1989இல் மனநலத்தின் கூறுகளாக ஆறினை வரையறுத்தபோது, நல்லுறவோடு தன்னாட்சியையும், அதாவது தன் முடிவுகளைத் தானே எடுப்பதையும், அதில் சேர்த்தார். குடும்பங்களில் நாம் முதலில் பறிப்பது அதைத்தான், அதுவும் பாசத்தின் பெயரால். மருத்துவர்கூட எதிரில் இருக்கும் முதியவரை விட்டுவிட்டு, உடன் வந்த மகனிடமோ மகளிடமோதான் பேசுகிறார். நினைவாற்றல் குன்றியவர்களுக்குப் பிறர் முடிவெடுக்க நேர்வது வேறு விஷயம். தெளிவாகச் சிந்திக்கும் எழுபது வயதுக்காரரின் அறுவை சிகிச்சையை அவரிடம் கேட்காமலேயே முடிவு செய்வதற்கு என்ன நியாயம் இருக்கிறது?