‘வேண்டாம் என்று டிக் போடுங்கள்’ என்று சொல்லும் அறிவாளிகளுக்கு

கோவைக் கல்விக் கண்காட்சியின் காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள் என்பதால் அதை நான் மறுபடி பகிரப் போவதில்லை. மகனுக்கு அமெரிக்கக் கல்லூரியில் நிதியுதவி கேட்க முடியுமா என்று ஒரு தாய் எழுந்து கேட்கிறார். மேடையில் இருந்த ஆலோசகரோ, விண்ணப்பத்தில் உதவி வேண்டும் என்று டிக் போட்டால் சீட்டே கிடைக்காது, வேண்டாம் என்று போட்டுவிட்டு உள்ளே போனபின் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். அரங்கம் தலையாட்டுகிறது. அதற்குக் கீழே வந்த பின்னூட்டங்களில் அதிக விருப்பங்களைப் பெற்றது, "வசதி இல்லாதவனுக்கு எதற்கு அமெரிக்கா?" என்பது. பேசாமல் கடந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அந்த வரிக்கு என் நண்பர்கள் சிலரே இதயக்குறி போட்டிருப்பதைக் கண்டபின் முடியவில்லை.

பணம் தேவைப்படும் மாணவர் விண்ணப்பிக்கும்போதே கேட்டுவிட வேண்டும். ஸ்டான்ஃபோர்டின் விதி இதைத் தெளிவாகவே சொல்கிறது: சேர்க்கையின்போது நிதியுதவி கேட்காத வெளிநாட்டு மாணவர், அங்கே இளநிலை படிக்கும் காலம் முழுவதும் கேட்கவே முடியாது. வேறு பல கல்லூரிகளிலும் நிலைமை ஏறக்குறைய இதுதான். சேர்க்கை கிடைத்துவிட்டாலும், முதலாண்டுச் செலவுக்குப் பணம் இருப்பதற்கான ஆதாரம் காட்டினால்தான் கல்லூரி, விசாவுக்குத் தேவையான ஐ-20 என்ற படிவத்தைத் தரும். அந்தப் படிவம் இல்லாமல் எஃப்-1 என்ற மாணவர் விசாவின் நேர்காணலுக்கே போக முடியாது. தனியார் கல்லூரிகள் பலவற்றில் ஓராண்டுச் செலவு 80,000 டாலரைத் தாண்டிவிட்டது. ஆலோசகர் சொல்லும் ‘உள்ளே போனபின்’ எங்கே இருக்கிறது என்று அவர்தான் காட்ட வேண்டும். அவருடைய வேலை அனுமதிக் கடிதத்தோடு முடிந்துவிடுகிறது. வீட்டுப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வங்கி வங்கியாக ஏறி இறங்கும் வேலை அந்தத் தாய்க்கு.

ஆலோசகர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. பெரும்பாலான கல்லூரிகள் வெளிநாட்டு மாணவரை எடுக்கும்போது அவருக்கு எவ்வளவு பணம் தர வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. அதனால் வாய்ப்பு குறையத்தான் செய்யும். ஆனால் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹெர்ஸ்ட் ஆகியவை வெளிநாட்டவர் விஷயத்திலும் அப்படிப் பார்ப்பதில்லை. 2022-இல் டார்ட்மத்தும் போடினும் அவற்றோடு சேர்ந்துகொண்டன. இந்தியர்களுக்கென்றே கார்னெலில் டாட்டா அறக்கட்டளை 2008-இல் கொடுத்த நன்கொடையால் ஓர் உதவித்தொகை நடக்கிறது. இவற்றில் ஒன்றையாவது மேடையில் சொன்னாரா? சொல்லவில்லை. வாய்ப்பு குறையும் என்பதற்காகப் பொய்யான விடையைக் கொடுத்து, கட்ட முடியாத கட்டணத்துக்கு அனுமதி வாங்கி என்ன செய்வது, கடிதத்துக்கு ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டுவதா?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பவர்களுக்காக என் கதையையும் சொல்லிவிடுகிறேன். குமாரபாளையத்தில் என் அப்பா கூலிக்கு விசைத்தறி ஓட்டினார். பாவும் ஊடை நூலும் முதலாளி தருவார்; மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. நிதியுதவிக்கான சி.எஸ்.எஸ். புரொஃபைல் படிவம், குடும்பத்துக்குத் தொழில் இருந்தால் அதன் மதிப்பு என்ன என்று கேட்டது. தறிகள் எங்களுடையவை, ஓடும் நூல் எங்களுடையதல்ல, தறிக்கூடத்தை ஒட்டிய அறையில்தான் நாங்கள் குடியிருக்கிறோம் என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? தனியாக ஒரு கடிதம் எழுதி, வட்டாட்சியர் கொடுத்த வருமானச் சான்றிதழோடு இணைத்தேன். கல்லூரியிலிருந்து ஒருவர் பொறுமையாகத் திருப்பிக் கேள்வி கேட்டார். நானும் பொறுமையாகப் பதில் எழுதினேன். "நம்ம வீட்டுக் கணக்கை வெள்ளைக்காரனுக்கு எதுக்குடா காட்டணும்?" என்று அப்பா கையெழுத்துப் போட மறுத்ததுதான் பெரும்பாடு. கடைசியில் போட்டார், என் முகத்தைப் பார்க்காமல். அந்தக் கையெழுத்தைத்தான் இன்று நீங்கள் ‘வசதி இல்லாதவன்’ என்று சிரித்துக்கொண்டே கடந்து போகிறீர்கள்.

அமெரிக்கன் வரிப்பணத்தில் இந்தியன் எதற்குப் படிக்க வேண்டும் என்று ஒரு கேள்வி வரும். அமெரிக்க அரசின் பெல் கிராண்ட் என்ற உதவித்தொகையும் அதற்கான ஃபாஃப்சா படிவமும் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் தகுதியுள்ள நிரந்தரவாசிகள் போன்றோருக்கும் மட்டுமே உரியவை. மாணவர் விசாவில் போகிறவருக்குக் கல்லூரி பெரும்பாலும் தன் அறக்கொடை நிதியிலிருந்தும் முன்னாள் மாணவர்களின் நன்கொடையிலிருந்தும், தான் விரும்பித்தான் கொடுக்கிறது. கொடுப்பவருக்கு இல்லாத வருத்தம் உங்களுக்கு எதற்கு? உதவி கேட்பவர்கள் எல்லோரும் போலிச் சான்றிதழ்க்காரர்கள் என்று இன்னொருவர் எழுதியிருந்தார். 2024-இல் லீஹை பல்கலைக்கழகத்தில், தந்தை இறந்துவிட்டதாகப் பொய்யான சான்றிதழ் கொடுத்துச் சேர்ந்த ஓர் இந்திய மாணவர் பிடிபட்டது உண்மை. அது குற்றம், அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் வங்கிக் கணக்கில் கடன் வாங்கிய பணத்தைச் சில நாள் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் வித்தையைச் சொல்லிக்கொடுப்பவர்கள் யார்? நிதியுதவி கேட்கும் பிள்ளைகளா, கேட்காதே என்று சொல்லும் மேடைக்காரர்களா? இந்தியாவிலேயே படிக்கலாமே என்பவர்களுக்கு: தாராளமாகப் படிக்கலாம், நீங்களும் உங்கள் பிள்ளைகளை இங்கேயே படிக்க வைக்கலாம்.

உண்மையில் ஆலோசகரைவிட என் மாதிரி உதவி வாங்கிப் படித்தவர்கள் மீதுதான் எனக்கு வருத்தம் அதிகம். "அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் 3 கோடி ரூபாய் ஸ்காலர்ஷிப்" என்று நாளிதழில் படம் வருகிறது. மண்டபத்தில் பெரியப்பாக்கள் மதிப்பெண்ணைப் புகழ்கிறார்கள். ஹார்வர்டும் யேலும் உள்ளிட்ட, ஐவி லீக் எனப்படும் பழம்பெரும் கல்லூரிகள் எட்டிலும் மதிப்பெண்ணுக்கென்று உதவித்தொகை கிடையாது; குடும்ப வருமானம் போதாது என்பதற்காக மட்டுமே கொடுக்கிறார்கள். அந்தக் கோடிகள் நான்காண்டுச் செலவில் பெற்றோரால் கட்ட முடியாத பகுதி, அவ்வளவுதான். அதை வாய்திறந்து சொல்ல நமக்குக் கௌரவம் தடுக்கிறது. நாம் சொல்லாததால்தான், சம்பளத்தைச் சொல்லி உதவி கேட்பது கேவலம் என்று ஒரு தாய் நாலு பேர் முன்னால் குறுகி உட்கார வேண்டியிருக்கிறது. நெற்றியில் விபூதி இட்டுக்கொண்டு ‘எல்லாம் என் உழைப்பு’ என்று பேட்டி கொடுக்கும் அண்ணன்மார்களே, உங்கள் அப்பாவின் வருமானச் சான்றிதழும் கொஞ்சம் உழைத்திருக்கிறது.

கீழே வந்து, "அப்படியென்றால் நீங்கள் ஓசியில்தான் படித்தீர்களா?" என்று கேட்கப்போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆம், பெரும்பகுதி ஓசியில்தான் படித்தேன். கைச்செலவுக்கு, விசா விதி அனுமதிக்கும் வாரம் 20 மணி நேரத்துக்குள் நூலகத்தில் புத்தகம் அடுக்கினேன். அடுத்த கேள்வி இருந்தால் கேளுங்கள்.