இரண்டு நவம்பர் 29-கள்

கத்தார் உலகக் கோப்பை முடிந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் ஒரு காணொளி மட்டும் யாராவது ஒருவர் பகிர, என் கண்ணில் திரும்பத் திரும்பப் படுகிறது. ஈரானில் ஏதோ ஓர் ஊர், இரவு நேரம். கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போகின்றன, மாடிகளிலிருந்து கூச்சல் கேட்கிறது, எங்கோ வெடி வெடிக்கிறது. அமெரிக்காவிடம் 0-1 என்று தோற்று ஈரான் வெளியேறிய இரவு அது. போன வாரம் இதைப் பகிர்ந்த நண்பர் ஒருவர், "சொந்த நாடு தோற்றதற்கு வெடி வைக்கிறவனெல்லாம் மனுஷனா?" என்று எழுதியிருந்தார். நூற்றுக்கு மேல் விருப்பக்குறிகள். இரண்டு நாளாகப் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. அதனால் இந்த நீளப் பதிவு.

ஈரானைப் பற்றி எழுத எனக்குப் பெரிய தகுதி ஒன்றும் கிடையாது. வியாசர்பாடிப் பக்கம் வளர்ந்தவன். கிரிக்கெட் மட்டையைவிடக் கால்பந்துக்கு மரியாதை அதிகம் கிடைக்கும் தெருக்கள் எங்களுடையவை. 1998-ல் ஈரானும் அமெரிக்காவும் லியோனில் மோதியபோது நமக்கு நள்ளிரவு 12.30. பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி முன்னால் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். எஸ்திலி தலையால் முட்டிய கோலும், பாதிக் களத்தைத் தனியாக ஓடிக் கடந்து மஹ்தவிகியா அடித்த கோலும் இன்னும் கண்ணில் இருக்கின்றன. 2-1. அன்றிலிருந்து அந்த அணியைத் தொடர்ந்து வருகிறேன். அவ்வளவுதான் என் தகுதி.

நண்பருக்கு நான் நினைவுபடுத்த விரும்புவது ஒரு தேதியை. அமெரிக்காவிடம் ஈரான் தோற்றது 2022 நவம்பர் 29. அதற்குச் சரியாக 25 ஆண்டுகளுக்கு முன், 1997 நவம்பர் 29 அன்று, அதே மக்கள் அதே தெருக்களில் வேறு காரணத்துக்காக ஹாரன் அடித்தார்கள்.

மெல்போர்ன் கிரிக்கெட் மைதானம். உலகக் கோப்பைக்கான கடைசி இடத்துக்கு ஆஸ்திரேலியாவும் ஈரானும் மோதின. தெஹ்ரானில் நடந்த முதல் ஆட்டம் 1-1. இரண்டாவது ஆட்டத்தின் பிற்பாதியில் ஆஸ்திரேலியா 2-0 என்று முன்னிலையில் இருந்தது. அப்போது பார்வையாளர் ஒருவர் உள்ளே ஓடிவந்து ஈரான் பக்கத்து கோல் வலையைப் பிய்த்துவிட்டார். வலையைக் கட்டி முடிக்கும்வரை ஆட்டம் நின்றது. ஈரானியர்கள் மூச்சு வாங்கிக்கொண்டார்கள். பிறகு கரீம் பாகெரி ஒன்று, சில நிமிடங்களில் கொதாதாத் அசீசி இன்னொன்று. 2-2. எதிரணி மண்ணில் அடித்த கோல்கள் அதிகம் என்ற கணக்கில், 20 ஆண்டுகளுக்குப் பிறகு ஈரான் உலகக் கோப்பைக்குப் போனது. தெஹ்ரானில் 1979 இஸ்லாமியப் புரட்சிக்குப் பிறகு அப்படி ஒரு கொண்டாட்டம் இல்லை என்கிறார்கள். ஆணும் பெண்ணும் தெருவில் சேர்ந்து ஆடினார்கள், காவலர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சில நாள் கழித்து அணி ஊர் திரும்பியது. ஆசாதி அரங்கில் வரவேற்பு. பெண்கள் வீட்டிலேயே இருந்து தொலைக்காட்சியில் பார்த்துக்கொள்ளும்படி அறிவிப்பு வந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் கிளம்பி வந்து வாசலில் நின்றார்கள். நின்றதோடு விடவில்லை, தள்ளிக்கொண்டு உள்ளேயும் போனார்கள். ஈரான் கால்பந்தின் கதையை யாராவது தமிழில் எழுதினால் மெல்போர்ன் கோல்களைவிட அந்த வாசலுக்கு அதிகப் பக்கம் ஒதுக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அந்த அரங்கின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1971-ல் திறந்தபோது அது ஆரியமேஹ்ர் அரங்கம். 'ஆரியர்களின் ஒளி' என்பது அப்போதைய மன்னர் ஷா தனக்குச் சூட்டிக்கொண்ட பட்டம். 1979-ல் ஷா போனார், அரங்கம் 'ஆசாதி' ஆனது. விடுதலை என்று பொருள். அந்த விடுதலைக்குள் நுழையத்தான் பெண்களுக்கு அனுமதி இல்லாமல் போனது. பெயர் மாற்றும் வேலையில் அங்கே எல்லா ஆட்சியாளர்களும் கெட்டிக்காரர்கள். தெஹ்ரானின் நீல அணி 1945-ல் சைக்கிள்காரர்கள் கழகமாகத் தொடங்கியது, பிறகு 'தாஜ்' ஆனது. நம் தாஜ்மகாலில் வரும் அதே தாஜ்தான், மணிமுடி. முடியாட்சி ஒழிந்த பிறகு கால்பந்து அணிக்கு மட்டும் மணிமுடி எதற்கு? 'எஸ்தெக்லால்', அதாவது சுதந்திரம், என்று மாற்றினார்கள். சிவப்பு அணியான பெர்செபோலிஸுக்குப் பழைய பேரரசின் தலைநகரத்துப் பெயர், அதுவும் ஆகவில்லை. 'பீரூசி' என்று எழுதிவைத்தார்கள், வெற்றி என்று அர்த்தம். ரசிகர்கள் ஒரு நாளும் அப்படிக் கூப்பிடவில்லை. மவுண்ட் ரோட்டுக்கு அண்ணா சாலை என்று எத்தனை பலகை வைத்தாலும் ஆட்டோக்காரர் மவுண்ட் ரோடு என்றே சொல்வதுபோல, அவர்களுக்கு அது பெர்செபோலிஸ்தான்.

ஷா காலம் மட்டும் என்ன வாழ்ந்தது? ஷாஹீன் என்றொரு கழகம் இருந்தது. ஆசிரியர் ஒருவர் 1942-ல் தொடங்கியது. பள்ளி மாணவர்களைச் சேர்த்து, முதலில் ஒழுக்கம், பிறகு படிப்பு, அப்புறம்தான் பந்து என்று வளர்த்த கழகம். கூட்டம் அதற்குத்தான் அதிகம். 1967-ல் அதைக் கலைத்துவிட்டார்கள். ஆட்டக்காரர்கள் பெர்செபோலிஸுக்குப் போனார்கள், ரசிகர்களும் பின்னாலேயே போனார்கள். இன்றைய சிவப்புக் கூட்டத்தின் வேர் அங்கே இருக்கிறது. 1968 ஆசியக் கோப்பையின் கடைசி ஆட்டத்தில் இஸ்ரேலுக்கு எதிராக வெற்றி கோலை அடித்த பர்வீஸ் கெலிச்கானி, பின்னாளில் ஷாவின் ரகசியப் போலீசால் கைது செய்யப்பட்டார். 1978 உலகக் கோப்பைக்கு ஆட மாட்டேன் என்று அரசியல் காரணம் சொல்லி ஒதுங்கினார். அடுத்த ஆட்சி வந்தது. தேசிய அணிக்கு ஆடிய ஹபீப் கபீரிக்கு 1984-ல் அது மரண தண்டனை நிறைவேற்றியது, எதிர்ப்பு இயக்கத்தைச் சேர்ந்தவர் என்று.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகுதான் 2022-ல் ஆட்டக்காரர்கள் நின்ற நிலை புரியும். தலைமறைப்பு சரியில்லை என்று பிடிக்கப்பட்ட இளம்பெண் மஹ்சா அமினி செப்டம்பரில் போலீஸ் காவலில் விழுந்து இறந்தார், நாடு பற்றி எரிந்தது. நவம்பரில், கத்தாருக்குக் கிளம்பும் முன், அணி ஜனாதிபதி ரைசியைச் சந்தித்தது. ஆட்டக்காரர் ஒருவர் குனிந்து வணங்கிய படம் வெளியானது. தெருவில் பிள்ளைகள் செத்துக்கொண்டிருக்க இவர்கள் அங்கே போய் நின்றார்கள் என்ற கசப்பு அன்று ஆரம்பித்தது. நவம்பர் 21, இங்கிலாந்துடன் முதல் ஆட்டம். தேசிய கீதம் ஒலித்தது, பதினொரு பேரும் வாயைத் திறக்கவில்லை. நம் ஊரில் அன்று அவர்கள் மாவீரர்கள். நானும் ஒரு பதிவு போட்டேன். நான்கு நாள் கழித்து வேல்ஸுடன் ஆடும்போது உதடுகள் லேசாக அசைந்தன, அரங்கிலிருந்த ஈரானியர்களில் சிலர் ஊளையிட்டார்கள். உடனே நம் ஊரில் அவர்கள் கோழைகள்.

இடைப்பட்ட நான்கு நாளில் என்ன நடந்தது? எஸ்தெக்லாலின் முன்னாள் அணித் தலைவர், குர்து இனத்தவர், வூரியா கஃபூரியை நவம்பர் 24 அன்று கைது செய்தார்கள். கத்தாரில் இருந்தவர்களுக்கு அது யாருக்கு அனுப்பிய செய்தி என்று விளக்க வேண்டியதில்லை. போராட்டக்காரர்கள் பக்கம் நின்ற அலி தாயிக்கு என்ன ஆயிற்று? நாட்டுக்காக 109 கோல் அடித்து, ரொனால்டோ 2021-ல் முறியடிக்கும்வரை உலகச் சாதனையைத் தன் பெயரில் வைத்திருந்த மனிதர். டிசம்பரில் அவருடைய கடையைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். மனைவியும் மகளும் துபாய்க்குப் போன விமானத்தைப் பாதி வழியில் ஈரானின் கீஷ் தீவில் இறக்கி, அவர்களைக் கீழே இறங்க வைத்தார்கள். அலி தாயிக்கே இந்தக் கதி என்றால் இருபத்து மூன்று வயதுப் பையன் உதட்டை அசைக்காமல் என்ன செய்வான்? பல்லாயிரம் மைல் தள்ளி சோபாவில் உட்கார்ந்துகொண்டு இன்னொருவன் உதட்டை அளந்தோம். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன் என்பதால் வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

ஆட்டக்காரர்களை மன்னிக்கலாம். ஆனால் அதற்காக ஹாரன் அடித்தவர்களைத் துரோகி என்று சொல்ல முடியாது. இந்த இடத்தில்தான் நண்பரோடு எனக்குச் சண்டை.

அந்தக் கார்களில் இருந்தவர்கள் யார் என்று யோசியுங்கள். 'கோல் கூச்சிக்' என்று தெருவில் ஆடுவார்கள். சின்ன கோல் என்று பொருள். வரி போட்ட பிளாஸ்டிக் பந்து காற்றில் பறந்துவிடும் என்பதால், ஒரு பந்தைக் கிழித்து இன்னொன்றின் மேல் போர்த்தி இரட்டைப் பந்தாக்கி ஆடுவார்கள். நம் தெருவில் டென்னிஸ் பந்துக்கு நாம் பார்க்காத வைத்தியமா! அப்படி ஆடி வளர்ந்தவர்கள், தோக்மேயைக் கொறித்துக்கொண்டு, அதாவது சூரியகாந்தி விதையை, ஆசாதியின் கான்கிரீட் படியில் காலையிலிருந்தே இடம் பிடித்து உட்காருகிறவர்கள். ஆபாதானில் எண்ணெய் ஆலையின் சனத் நஃப்த் அணி மஞ்சள் உடுப்பு போடுகிறது என்பதற்காகத் தங்கள் ஊரைப் பிரேசில் என்று சொல்லிக்கொள்கிறவர்கள். தப்ரீஸின் டிராக்டர் அணிக்காகத் தலைநகருக்கு வந்து தங்கள் அசேரித் துருக்கிய மொழியில் கோஷம் போடுகிறவர்கள். ஆம், டிராக்டர் தொழிற்சாலையின் பெயர்தான் அணியின் பெயர். உருக்கு, செம்பு, அலுமினியம், கார் என்று பாதி லீக் தொழிற்பேட்டைப் பெயர்ப் பட்டியல்போல இருக்கும். சிவப்பு, நீலம் இரண்டுமே பல காலம் ஒரே அரசுத் துறையின் கையில் இருந்தன. மாமியாரும் மருமகளும் ஒரே வக்கீலை வைத்துக்கொண்டு வழக்காடியதுபோல. இந்த இரண்டு அணிகளின் ஆட்டத்துக்கு உள்ளூர் நடுவரை யாரும் நம்பவில்லை என்று 1995 முதல் பல ஆண்டுகள் வெளிநாட்டு நடுவர்களை வரவழைத்தார்கள்.

இவ்வளவு பைத்தியமும் பாதி ஜனத்தொகைக்கு வாசலோடு நின்றது. பெண்கள் வரக்கூடாது என்று எழுதிய சட்டம் எதுவும் கிடையாது. வாசலில் நின்ற காவலர்தான் சட்டமாக இருந்தார். தலைமுடியைத் தொப்பிக்குள் செருகி, ஒட்டுத் தாடி வைத்து உள்ளே போன பெண்கள் உண்டு. 2019 மார்ச்சில் எஸ்தெக்லால் ஆட்டம் பார்க்க ஆண் வேடத்தில் வந்த ஓர் இளம்பெண் பிடிபட்டார். வழக்கு நடந்தது. செப்டம்பரில் நீதிமன்ற வாசலில் தீக்குளித்து இறந்துபோனார். வயது 29. 'தோக்தரே ஆபி', நீலப் பெண் என்று நாடே அவரை அழைத்தது, அவர் அணியின் நிறம் அது.

ஒரு மாதம் கழித்து, ஃபிஃபாவின் நெருக்கடியில், வாசல் கொஞ்சம் திறந்தது. 2019 அக்டோபர் 10, எதிரணி கம்போடியா. சில ஆயிரம் டிக்கெட் மட்டும் பெண்களுக்கு. அவர்களைச் சுற்றிக் கம்பி வேலி, அதற்கப்பால் காலி இருக்கைகள், அதற்கப்பால் ஆண்கள். ஈரான் 14-0 என்று வென்றது. எதிரணி பாவம் என்று தோன்றும் ஆட்டம்தான். ஆனால் தொண்டை கிழியக் கத்திய அந்தப் பெண்களுக்கு ஒவ்வொரு கோலும் நாற்பது வருட பாக்கி. திறந்த வாசல் திறந்தபடியே இருந்ததா? 2022 மார்ச்சில் மஷ்ஹதில் லெபனானுடன் ஆட்டம். கையில் டிக்கெட்டோடு வந்த பெண்களை வெளியே நிறுத்தி முகத்தில் மிளகுப்பொடித் திரவம் அடித்தார்கள். 2024-ல் ஒரு ரசிகை ஓடிவந்தபோது கட்டியணைத்த குற்றத்துக்கு எஸ்தெக்லாலின் கோல் கீப்பர் ஹொசைன் ஹொசைனிக்கு ஓர் ஆட்டத் தடை, அபராதம் வேறு.

நமக்கும் இவர்களுக்கும் ஒட்டுறவு உண்டு, சொல்லிவிடுகிறேன். 1951-ல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டின் இறுதியில் மேவலாலின் ஒரே கோலால் ஈரானை வென்று தங்கம் வாங்கினோம். இன்று அப்படி ஒரு வாக்கியத்தை எழுதும்போது கதை சொல்வதுபோல இருக்கிறது! அலிகரில் படிக்க வந்த ஈரானிய மாணவர்களில் மஜீத் பிஷ்கரும் ஜம்ஷீத் நசிரியும் 1980-ல் ஈஸ்ட் பெங்கால் அணிக்குப் போய்க் கல்கத்தாவையே கிறங்கடித்தார்கள். ஜம்ஷீத் அங்கேயே தங்கிவிட்டார். அவர் மகன் கியான் நசிரி 2022-ல் அப்பாவின் பழைய அணிக்கு எதிராகவே மூன்று கோல் போட்டான், பிறகு நம் சென்னையின் எஃப்சிக்கும் வந்து ஆடினான். அதே 2022 ஜனவரியில் நவி மும்பையில் மகளிர் ஆசியக் கோப்பை. ஈரான் பெண்கள் முதல் முறையாகத் தகுதி பெற்று வந்திருந்தார்கள். இந்திய அணியில் கடலூர் இந்துமதி கதிரேசன் இருந்தார். ஆட்டம் 0-0. ஈரானின் பயிற்சியாளர் மரியம் ஈரான்தூஸ்த், பந்தர் அன்சாலியின் மலவான் கழகத்து மகளிர் அணியை நடத்தியவர். சொந்த நாட்டு அரங்கில் உட்கார்ந்து பார்க்கவே வழியில்லாத பெண்கள் இன்னொரு நாட்டு அரங்கில் இறங்கி ஆடினார்கள்.

இப்போது சொல்லுங்கள். அணி உங்களுடையது என்று சொல்லிச் சொல்லியே கோஷம் போட வைத்தார்கள், அதே வாயால் நீ வாசலுக்கு வெளியே நில் என்றார்கள். அணி வென்றால் அந்த வெற்றியைத் தன் வெற்றியாகக் காட்ட அரசு மேடை போட்டுக் காத்திருந்தது. மக்கள் அந்த மேடையைக் காலியாக விட்டார்கள், அவ்வளவுதான். 1997-ல் கைதட்டியவர்கள் 2022-ல் கைதட்ட மறுத்தார்கள். அணிமேல் உரிமை இல்லாதவனுக்கு அதன் தோல்வி ஒரு செய்தி, கொண்டாட ஒன்றும் இருக்காது. பிள்ளையோடு பேச மாட்டேன் என்று திண்ணையில் திரும்பி உட்காரும் தகப்பனைப் பார்த்து, உனக்குப் பாசம் இல்லை என்று யாராவது சொல்வோமா?

அன்று இரவு, காஸ்பியன் கடலோரத்துப் பந்தர் அன்சாலியில், தோல்விக்காகக் காரில் ஹாரன் அடித்த 27 வயது இளைஞர் ஒருவர் தலையில் குண்டு பாய்ந்து இறந்தார். பாதுகாப்புப் படையினர் சுட்டார்கள் என்றன மனித உரிமை அமைப்புகள், அரசுத் தரப்பு மறுத்தது. அன்றைய ஆட்டத்தில் ஈரானின் நடுக்களத்தில் ஆடிய சயீத் எசதொல்லாஹியும் அன்சாலிக்காரர்தான். தோற்றுப்போய் அறைக்குத் திரும்பியவருக்கு ஊரிலிருந்து செய்தி வந்தது. இறந்தவர் அவருடைய சிறுவயது நண்பர், இருவரும் பொடியன்களாக ஒரே அணியில் ஆடியவர்கள். சயீத் அந்தப் பழைய படத்தை எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டார். ஒருவர் தோற்றார், இன்னொருவர் அந்தத் தோல்விக்கு ஹாரன் அடித்தார். படத்தில் இருவரும் சிறுவர்கள், ஒரே அணி.