எங்கள் ஊரைத் தீர்மானித்த செடி

மே 21 உலகத் தேயிலை நாள். காலையிலிருந்து என் பக்கம் முழுக்கத் தேநீர் வரலாறுதான். 1773-ல் பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டிய பெட்டிகள், தேயிலைக்கு வெள்ளி கொடுத்து மாளாமல் வெள்ளைக்காரன் சீனாவுக்குள் அபினை இறக்கியது, அதில் மூண்ட போர். எல்லாம் சரி. ஆனால் நீலகிரியில், பந்தலூரில் உட்கார்ந்து படிக்கிற எனக்கு ஒன்று உறுத்துகிறது. குடித்தவர் கதை இருக்கிறது, விற்றவர் கதை இருக்கிறது. கொழுந்து எடுத்தவள் கதை எங்கே?

என் அப்பாயி இலங்கையில் அட்டன் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருந்த வரிசை வீட்டில், பிறந்தவர். அவருடைய பாட்டன் திருச்சிச் சீமையிலிருந்து போனவர்.

அங்கே முதலில் இருந்தது காப்பி. காப்பிப் பழம் பருவத்துக்குத்தான் பழுக்கும். நம் ஆட்கள் கடல் தாண்டி, காட்டு வழியே கண்டிச் சீமைக்கு நடந்துபோய், சில மாதம் பழம் பறித்து, கூலியை முடிந்துகொண்டு ஊர் திரும்பிவிடுவார்கள். போனவர்களில் பெரும்பாலும் ஆண்கள். 1869-ல் காப்பி இலையில் துரு நோய் விழுந்தது. கொஞ்ச வருடத்தில் காப்பி அழிந்து, அந்த மலைகளில் தேயிலை ஏறியது. தேயிலை வருடம் முழுக்கத் துளிர்க்கும். வாரம் பத்து நாளுக்கு ஒரு தடவை கொழுந்து எடுக்காவிட்டால் முற்றிவிடும். ஆகவே ஆள் எப்போதும் வேண்டும், பெண்கள் வேண்டும். குடும்பம் குடும்பமாகக் கூட்டிப்போய் லயத்தில் வைத்தார்கள். அப்புறம் ஊர் திரும்ப ஏது பருவம்?

தேநீர் வரலாற்றில் எனக்குப் பெரிய செய்தி இதுதான். செடி மாறியதும் எங்கள் ஊரே மாறிவிட்டது.

1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் இந்தத் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தேயிலைச் சிப்பத்தை எண்ணிப் பிரிப்பது மாதிரி மனிதர்களைப் பிரித்தார்கள். எனக்கு இன்றும் ஆறாத கோபம் அது.

அப்பாயி 1972-ல் மூன்று பிள்ளைகளோடு தலைமன்னாரில் கப்பல் ஏறினார். இறங்கியதும் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் முகாம், அங்கிருந்து நீலகிரி. தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே 1968-ல் தமிழக அரசு இங்கே தேயிலை போட ஆரம்பித்திருந்தது. இன்றைய அரசுத் தேயிலை நிறுவனமான டான்டீ அதிலிருந்து வளர்ந்ததுதான். கடல் தாண்டி வந்தும் அப்பாயி முதுகில் ஏறியது அதே கூடை.

அவர் விரல் நுனிகள் கறுத்து வெடித்திருக்கும். தேயிலைக் கறை வெடிப்புக்குள் இறங்கிவிட்டால் எந்த சோப்புக்கும் போகாது. டீ என்று அவர் சொன்னதே இல்லை, தேத்தண்ணிதான். பால் கிடையாது. உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்து, ஒரு நக்கு, ஒரு மிடறு. நல்ல தூள் குன்னூர் ஏலத்துக்குப் போய்விடும்; எங்கள் சட்டியில் கொதித்தது கடைசித் தூள்.

ஐம்பது வருடத்துக்கு மேலாகியும் கூடலூர் பஸ்ஸில் 'சிலோன்காரங்களா?' என்று கேட்கிறார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. பள்ளியில் பாஸ்டனைப் படிக்கிறோம், மண்டபம் முகாமைப் படிக்கவில்லை. நம் பாடப்புத்தகத்தில் இது வர வேண்டும். நீலகிரிப் பிள்ளைகளுக்காவது வர வேண்டும்.

கப்பலில் வந்தவர்கள் உங்கள் வீட்டில் இன்னும் இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள். எந்தத் தோட்டம், எந்த வருடம், கையில் என்ன கொண்டுவந்தார்கள் என்று. நான் என் அப்பாயியிடம் பாதிதான் கேட்டேன்.